விற்போர்க்கும் உண்டு விரதம்



தஞ்சைக் கரந்தையில் எழுந்தருளியுள்ள ஆதிநாதர் திருமுன் நின்று வணங்கும்போதெல்லாம் எம் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவதுண்டு. கற்பகத் தருக்கள் வேண்டியன வழங்கிய போகபூமிக் காலம் முடிந்து, மக்கள் பசியால் வாடி, வாழும் வகையறியாது நின்ற வேளையில், அவர்தம் துயர் தீர்க்க ஆதிபகவன் ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்று ஆதிபுராணம் கூறுகிறது. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்பன அவ்வாறு தொழில்கள். துறவு நெறியின் முதல் வழிகாட்டியாகிய அப்பெருமானே உழவையும் வாணிகத்தையும் ஒருசேர உலகுக்கு உரைத்தார் என்பது கருதத்தக்கது. உழவு உயர்ந்தது, விற்பனை தாழ்ந்தது என்று அவர் பிரித்துரைக்கவில்லை.

இதனை முதற்கண் கூறுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்ச் சமணராகிய நாம் பெரும்பாலும் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். கரந்தையிலும், குடந்தையிலும், மன்னார்குடியிலும், தீபங்குடியிலும் ஜினாலயங்களைச் சூழ்ந்து வாழ்ந்த நம் முன்னோர்க்கும் காவிரி நீரும் நெல்லுமே வாழ்வு. ஆனால் இன்று நம் பிள்ளைகளில் பலர் காப்பீடு, வங்கிச் சேவை, மருந்து, வீட்டு மனை, கைப்பேசி என விற்பனைப் பணிகளுக்குச் செல்கின்றனர். சிலர் அத்துறையிலேயே உயர்ந்து, பத்துப் பேர், நூறு பேர்க்குத் தலைவராகவும் விளங்குகின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும் பெற்றோர் மனத்தில் ஓர் அச்சம் இருக்கிறது: "பொய் கூறாமல் இத்தொழிலில் முன்னேற முடியுமா?" பிள்ளைகள் மனத்திலோ வேறோர் அச்சம்: "விரதம் பேசிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்குமா?" கேள்விகள் இரண்டாயினும் கவலை ஒன்றே. அதனை இங்கே ஆராய்வோம்.

ஒரு பிள்ளையின் கேள்வி

சில காலத்துக்கு முன் உறவுமுறைப் பேரன் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்தார். காப்பீட்டுத் திட்டங்களை விற்கும் பணியில் இருப்பவர். வந்தவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "பாட்டி, எங்களுக்கு நடந்த பயிற்சி முகாமில், நாள்தோறும் காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் வெல்வேன், நான் வெல்வேன்' என்று உரக்கச் சொல்லச் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது" என்றார்.

காரணம் வினவினோம். சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணத்தைக் கையில் வைத்திருந்த முதிய கைம்பெண் ஒருவர், "தம்பி, இதை டெபாசிட்டில் போட வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். இவர் கையில் இருந்ததோ ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டிய காப்பீட்டுத் திட்டம். "இதுவும் டெபாசிட் போலத்தான் அம்மா" என்று இவர் கூறியிருக்கிறார். அவ்வம்மையார் நம்பிக் கையொப்பமிட்டார். அம்மாத இலக்கு நிறைவேறியது, கைதட்டலும் கிடைத்தது. அதன்பின் அத்தெருவழியே செல்ல மனமின்றி, ஸ்கூட்டரைச் சுற்றுவழியில் ஓட்டிச் செல்வதாகக் கூறினார்.

அன்பர்களே! அப்பிள்ளை கூறிய முழு வாக்கியத்திலும் பிழையுள்ள சொல் ஒன்றே ஒன்றுதான். 'போல' என்பதே அது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்தனை எடுத்துரைக்கிறார். களவு செய்யத் தூண்டுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், அரசு விதியை மீறுதல், கொடுக்கும்போது குறைத்தும் கொள்ளும்போது மிகுத்தும் அளத்தல், ஒன்றைப்போன்ற மற்றொன்றைக் கொடுத்து ஏய்த்தல் என்பன அவை. ஐந்தாவதற்கு அவர் இட்ட பெயர் பிரதிரூபக வியவகாரம். அதாவது 'போல' இருப்பதை அதுவாகவே விற்றல். நெய்யில் கலப்படம் செய்பவனுக்கு மட்டும் உரியது அன்று இக்குற்றம். சொல்லில் கலப்படம் செய்பவனுக்கும் உரியதே.

பொய்யாமை விரதத்தின் அதிசாரங்களையும் உடன்வைத்து நோக்குவோம். தவறான வழியில் செலுத்தும் அறிவுரை, பிறர் மறையை வெளியிடல், பொய் ஆவணம் புனைதல், நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தல், குறிப்பால் அறிந்த பிறர் கருத்தைத் தூற்றுதல் என்பன அவை. இவை அனைத்தும் இன்றைய விற்பனைக் களத்தில் நாள்தோறும் எதிர்ப்படுவன அல்லவா? ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு நூல், இன்றைய அலுவலகத்தின் மேசைமீது வைத்துப் படிக்கத் தக்கதாக விளங்குகிறது. நம் ஆசாரியர்கள் வாணிகத்தை அறியாத துறவிகள் என்று எவரும் எண்ணவேண்டா.

எம்மிடமும் இருந்த குற்றம்

அப்பிள்ளையைக் கடிந்துரைக்க எமக்கு நா எழவில்லை. ஏனெனில் யாமும் ஒருகாலத்தில் இலக்கு வைத்து விற்றவரே.

ஆசிரியப் பயிற்சி முடித்து யாம் பணியிற் சேர்ந்த இளமைக் காலம் அது. ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள் கொடிநாள். வகுப்புக்கு இவ்வளவு என்று கொடிகள் வரும். அவற்றை மாணவரிடம் சேர்ப்பித்துப் பணம் திரட்டித் தரவேண்டும். நாட்டுக்காகப் போரிட்டோர் குடும்பங்களுக்கு உதவும் நற்பணியே அது. ஆனால் எம் வகுப்பே பள்ளியில் முதலில் நிற்கவேண்டும் என்ற ஆசை எம்மைப் பற்றியது. "கொடி வாங்காதவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றோம். சிலர் நின்றனர். மறுநாள் அவர்களுள் ஒரு சிறுமி பணம் கொண்டுவந்தாள். வகுப்பின் முன் அவளை நிறுத்திப் பாராட்டினோம், பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மாலையில் அவள் தாய் பள்ளி வாயிலில் வந்து நின்றார். நடவுக்கூலியாகக் கிடைத்த நெல்லில் இரண்டு படியை மகள் எடுத்துக் கடையில் கொடுத்துக் காசாக்கிவிட்டாள் என்பதை அப்போதுதான் அறிந்தோம். அவ்வம்மையார் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "டீச்சர் கேட்டாங்கன்னு சொல்லிச்சு, அதான் நெசமான்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்" என்று மட்டும் கூறினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அச்சிறுமியை எழுந்து நிற்கச் செய்ததைத் திரும்பப் பெற எம்மால் இயலவில்லை. களவை யாம் செய்யவில்லை, செய்வித்தோம். செய்வித்ததோடு நில்லாமல் மேடையேற்றிப் பாராட்டவும் செய்தோம்.

நம் ஆகமம் வினைக்கட்டை மூவகையாகக் கூறும்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதை உடன்பட்டு மகிழ்தல். இம்மூன்றிலும் வினை உயிரை வந்து பற்றும். தலைமைப் பொறுப்பில் இருப்போர் இதனை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். "நான் பொய் கூறச் சொல்லவில்லையே, இலக்கைத்தானே சொன்னேன்" என்று கூறித் தலைவர் ஒருவர் தப்பிவிட இயலாது. எட்டவொண்ணாத இலக்கை இளைஞன் தலைமேல் ஏற்றி, எட்டாதவனை எழுந்து நிற்கச் செய்தால், அவன் உரைக்கும் பொய்யில் செய்வித்தவர்க்கும் பங்குண்டு.

அயல்நாட்டுச் சான்று ஒன்று கூறுவோம். அமெரிக்காவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாகிய வெல்ஸ் ஃபார்கோ, வாடிக்கையாளர் ஒருவர்க்கு எட்டுச் சேவைகளை விற்கவேண்டும் என்று குறிக்கோள் வகுத்திருந்தது. நெருக்குதல் தாங்காத ஊழியர்கள், வாடிக்கையாளர் அறியாமலே அவர்கள் பெயரில் இலட்சக்கணக்கான கணக்குகளைத் தொடங்கிவிட்டனர். 2016 செப்டம்பரில் அவ்வங்கிக்கு 18.5 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஏறக்குறைய 5,300 ஊழியர்கள் வேலை இழந்தனர் என்ற செய்தியும் வெளிவந்தது. 2020இல் மேலும் 300 கோடி டாலர் செலுத்த அவ்வங்கி உடன்பட்டது. பொய் ஆவணம் புனைந்த கைகள் சிறியவை. புனையச் செய்த இலக்கு பெரியது. உமாசுவாமி ஆசாரியர் எச்சரித்த அதே அதிசாரம், கணிப்பொறியின் வாயிலாக நிகழ்ந்தது என்பதே வேறுபாடு.

வெற்றி மனப்பாங்கு என்பது யாது?

இன்று 'வெற்றி மனப்பாங்கு' என்னும் சொல் எங்கும் வழங்குகிறது. அது வேண்டுவதே. சோர்ந்த மனத்தினர் எத்தொழிலிலும் சிறக்க இயலாது. ஆயினும் அம்மனப்பாங்கு எதன்மேல் எழுப்பப்படுகிறது என்பதே வினா.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் தார்ண்டைக் என்னும் உளவியலறிஞரின் கற்றல் விதிகள் மூன்றினை யாம் பயின்றோம். ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி என்பன அவை. எச்செயல் இன்பமான விளைவைத் தருகிறதோ, அச்செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பது விளைவு விதி. இதன் பொருளை விற்பனைக்குப் பொருத்திப் பாருங்கள். பொய்யால் ஊக்கத்தொகை ஒருமுறை கிடைத்துவிட்டால், நா அப்பொய்யைக் கற்றுக்கொள்கிறது. இரண்டாம் முறை கூச்சம் குறைகிறது. மூன்றாம் முறை அது பொய் என்பதே மறந்துபோகிறது. வினை ஊற்று என்றும் வினைக்கட்டு என்றும் நாம் கூறுவதை, அவ்வறிஞர் வேறொரு மொழியில் கூறினார் போலும்!

கரோல் டுவெக் என்னும் அமெரிக்க உளவியல் அம்மையாரும் அவருடன் ஆய்ந்தவரும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் நாம் அறியத்தக்கது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் சிலரை, "நீ மிகுந்த அறிவாளி" என்று பாராட்டினர். வேறு சிலரை, "நீ நன்கு முயன்றாய்" என்று பாராட்டினர். பின்னர்க் கடினமான கணக்குகளைக் கொடுத்தபோது, அறிவாளி என்று பாராட்டப் பெற்றோர் விரைவில் சோர்ந்தனர். முயற்சிக்காகப் பாராட்டப் பெற்றோர் ஊக்கத்துடன் தொடர்ந்தனர். இவற்றினும் வியப்புக்குரியது மற்றொன்று. தாம் பெற்ற மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அறிவாளி என்று பாராட்டப் பெற்றோருள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர் உள்ளதைவிடக் கூட்டி எழுதினர். 'நீ வெற்றியாளன்' என்ற பட்டத்தைச் சுமந்தவர்க்கு, அதனைக் காத்துக்கொள்ளப் பொய் தேவைப்பட்டுவிட்டது!

கண்ணாடி முன் நின்று 'நான் வெல்வேன்' என்று முழங்குவதில் உள்ள இடர் இதுவே. அது மானம் என்னும் கஷாயத்திற்கு உரமிடுகிறது. மானம் வளர்ந்தால், தோற்கும்போது வெகுளி பிறக்கும். வெல்லவேண்டி மாயம் பிறக்கும். வென்றபின் உலோபம் பிறக்கும். நான்கு கஷாயங்களும் ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகள். ஒன்றை அழைத்தால் மற்ற மூன்றும் உடன்வரும்.

நம் நெறி கூறும் மனப்பாங்கு வேறு. முயற்சி என்னுடையது, விளைவில் என் பழவினைக்கும் பங்குண்டு என்பது அது. நமக்கு வெற்றியை ஈபவர் என்று எவரும் வெளியில் இல்லை, பறிப்பவரும் இல்லை. பேறு வாராமல் தடுக்கும் வினையை இலாபாந்தராயம் என்று நூல்கள் கூறும். அவ்வினை எவ்வாறு வந்து கட்டுகிறது? பிறர் பெறுதற்குரியதை நாம் இடைநின்று தடுப்பதால் கட்டுகிறது. ஆகவே, ஏய்த்துப் பெற்ற இன்றைய இலாபமே நாளைய இலாபத்திற்குத் தடையாகிறது. ஐந்து வீடுகளில் மறுத்தாலும் ஆறாம் வீட்டின் கதவை மலர்ந்த முகத்துடன் தட்டுவதற்கு இவ்வறிவைவிடச் சிறந்த ஊக்கம் வேறில்லை. மறுத்தவர்மேல் சினமில்லை; தன்மேல் வெறுப்பில்லை; செய்யவேண்டிய முயற்சி மட்டுமே எஞ்சுகிறது.

இம்மனப்பாங்கு நம் உழவர்க்குப் புதிதன்று. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை. திறவாவிட்டால் சம்பாவுக்கு ஆயத்தம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கடைமடைப் பகுதியைக் கலக்கிச் சென்றபோது, வீழ்ந்த தென்னைகளுக்கு நடுவே மீண்டும் கன்று நட்டவர்களை யாம் கண்டோம். அவர்கள் எந்த முகாமிலும் பயின்றவர்கள் அல்லர்.

கேட்டறிதலே முதற்பாடம்

அட்சய திருதியை நாளின் வரலாற்றை அனைவரும் அறிவோம். ஆதிபகவன் துறவு பூண்டு, நீண்ட உண்ணா நோன்பின்பின் உணவேற்க ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் அன்பு மிகுதியால் பொன்னும், மணியும், யானையும், குதிரையும் கொண்டுவந்து முன்வைத்தனர். ஒன்றேனும் அவருக்குப் பயன்படவில்லை. பல திங்கள் கழிந்தன. அத்தினாபுரத்து இளவரசர் சிரேயாம்சர் மட்டுமே முற்பிறவி நினைவால் முனிவர்க்கு ஈயும் முறையறிந்து கருப்பஞ்சாற்றை அளித்தார். அதனை ஏற்றருளினார் பெருமான்.

தானத்தின் சிறப்பைக் கூறும் இவ்வரலாற்றில் விற்பனையாளர்க்கும் ஒரு பாடம் உண்டு. ஊராரிடம் அன்பு குறைவாக இல்லை. பொருளும் குறைவாக இல்லை. எதிர் நிற்பவர்க்கு எது வேண்டும் என்பதை அறிந்திலர்; அதுவே குறை. தம்மிடம் உள்ளதில் விலையுயர்ந்ததை எடுத்துவந்தனர். சிரேயாம்சரோ வந்தவர்க்கு உரியதை எடுத்துவந்தார். அம்முதிய கைம்பெண்ணிடம் நம் பிள்ளை, "இப்பணம் உங்களுக்கு எப்போது தேவைப்படும் அம்மா?" என்று ஒரு வினா கேட்டிருந்தால், பொய்க்கே இடமிருந்திராது.

புகார் வணிகர் தந்த பாடம்

நாம் வாழும் காவிரிநாடு, நேர்மையான வாணிகத்திற்கு இலக்கியச் சான்று பெற்ற நாடு. கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, அவ்வூர் வணிகரைப் பற்றிக் கூறுவதன் கருத்து இது: கொள்வதை மிகையாகக் கொள்ளார், கொடுப்பதைக் குறைத்துக் கொடார், நடுவுநிலை பிறழாத நெஞ்சினர். திருக்குறளிலும் வாணிகர்க்குரிய அறம் 'நடுவு நிலைமை' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக அமைந்திருப்பதை அன்பர்கள் நினைவுகூர்வார்களாக.

அப்புகாரில் பிறந்த வணிகன்தான் கோவலன். பொருளிழந்தபின் சிலம்பை முதலாகக் கொண்டு மீண்டும் வாணிகம் தொடங்கவே மதுரை சென்றான். விழுந்தவன் எழ முயன்ற செயல் அது; உடன் சென்றவரோ நம் சமணத் துறவியாகிய கவுந்தியடிகள். எனினும் அவன் வெட்டுண்டான். காரணம் என்ன என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை விடை பகர்கிறது. முற்பிறவியில் அவன் பரதன் என்னும் பெயரினன். கடைத்தெருவில் பண்டம் விற்றுக்கொண்டிருந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்ப்பழி சுமத்திக் கொல்வித்தவன். பண்டம் விற்க வந்தவன்மேல் கூறிய பொய், பண்டம் விற்கச் சென்ற நாளில் திரும்ப வந்தது!

போட்டி நிறுவனத்தையும், உடன் பணிபுரிபவரையும் இழித்துரைத்துத் தம் பொருளை விற்க முயலும் இளைஞர்கள் இக்காதையை ஒருமுறை படித்தல் நலம். பிறர் பொருளின் குறையைக் கூறித் தம் பொருளுக்கு நிறை தேட இயலாது.

நம்பிக்கையை விதைத்தவர்கள்

"இவையெல்லாம் ஏட்டில் நன்று, நாட்டில் நடக்குமா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். அண்மைக்காலச் சான்றுகளையே காட்டுவோம்.

சென்னையில் 1906ஆம் ஆண்டில் அர்பத்நாட் என்னும் புகழ்பெற்ற நிறுவனம் முறிந்து, பல்லாயிரவர் சேமிப்பு அழிந்தது. ஆரவாரமும் அழகிய கட்டடமும் அதனைக் காக்கவில்லை. அதற்கு ஈராண்டுகள் முன்பு, 1904இல், நம் கும்பகோணத்தில் தொடங்கப்பெற்ற சிறு வங்கி ஒன்று, சிட்டி யூனியன் வங்கி என்னும் பெயருடன் நூற்றாண்டு கடந்து இன்றும் குடந்தையையே தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. பிறர் பணத்தைக் காக்கும் தொழிலில் நீண்ட ஆயுளே நற்சான்று.

மற்றொருவர், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் பணியாற்றிய 'நெல்' ஜெயராமன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழிநின்று, காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், குழியடிச்சான் முதலாக 160க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் தேடி மீட்டவர். கைவிட்ட நெல்லை மீண்டும் பயிரிடுமாறு உழவர் மனத்தை மாற்றுவது எளிய விற்பனையா? அவர் கையாண்ட முறை இதுதான். நெல் திருவிழாவில் உழவர்க்கு 2 கிலோ விதைநெல் வழங்குவார். மறு ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அந்நான்கு கிலோ வேறு இரு உழவரைச் சென்றடையும். விதை மட்டுமா பெருகியது? நம்பிக்கையும் உடன் பெருகியது. 2018 டிசம்பர் 6இல் அவர் மறைந்தபின்னும் அந்நெல்வகைகள் டெல்டா வயல்களில் விளைகின்றன. தான் இல்லாதபோதும் நடக்கும்படி ஒரு செயலை நிறுவிச் செல்வதே தலைமை.

தலைமை குறித்து நமது மூலமந்திரமே பாடம் புகட்டுகிறது. எண்வினையும் வென்று சித்தியடைந்த சித்தபரமேட்டிகள் நிலையால் உயர்ந்தவர்கள். ஆயினும் நாம் முதலில் வணங்குவது அருகபரமேட்டிகளையே. ஏன்? அவர்களே உலகோர்க்கு அறம் உரைத்து வழிகாட்டியவர்கள். உயரத்தினும் பயனுக்கே முதல் வணக்கம். அடுத்து வரும் ஆசாரியரோ, தாம் ஒழுகிப் பின்னரே பிறரை ஒழுகச் செய்பவர். இவ்விரண்டையும் அறிந்த சமணப் பிள்ளைக்குத் தலைமைப் பண்பை வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நாள்தோறும் செய்யத்தக்கவை

விற்பனைப் பணியிலுள்ள நம் இளைஞர்க்கு, ஓர் ஆசிரியையாகச் சிறு பாடக்குறிப்பு ஒன்று வகுத்துத் தருகிறோம்.

முதலாவது, காலையில் கண்ணாடிக்கு முன் நிற்பதற்குப் பதிலாகச் சாமாயிகத்தில் அமர்க. முழுமையாக 48 நிமிடம் இயலாதெனினும் இயன்ற அளவு அமர்க. சமநிலை பெற்ற மனம், மறுப்பையும் ஏற்பையும் ஒன்றாக நோக்கும்.

இரண்டாவது, விற்கும் பொருளின் நிறையை அறிந்த அளவு குறையையும் அறிக. குறையைத் தாமே முன்வந்து கூறுக. யார்க்குப் பயன்படாது என்று கூறத் தெரிந்தவரையே, யார்க்குப் பயன்படும் என்று கூறும்போது உலகம் நம்பும்.

மூன்றாவது, பேசுமுன் கேட்க. 'போல' என்னும் சொல்லை நாவிலிருந்து நீக்குக.

நான்காவது, கொலைக்கும் கேட்டிற்கும் துணையாகும் பொருள்களை விற்கும் பணியை எவ்வளவு ஊதியம் தரினும் ஏலாதிருக்க. இன்னா விளைக்கும் வாணிகத்தில் இனிய சொல் பயன்படாது.

ஐந்தாவது, பொருள் வரைதல் என்னும் விரதத்தை ஏற்று, "எனக்கு இவ்வளவு போதும்" என்ற எல்லையைத் தாமே வகுத்துக்கொள்க. எல்லை வகுத்தவனை எந்த இலக்கும் அடிமை கொள்ள இயலாது.

ஆறாவது, இரவில் பிரதிக்கிரமணம் செய்க. இன்று எவ்வளவு விற்றோம் என்ற கணக்கை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இன்று எவ்வாறு விற்றோம் என்ற கணக்கை நாமே பார்க்கவேண்டும்.

அப்பிள்ளை செய்தது

எம் பேரனின் கதையை முடிக்கவில்லையே என்று எண்ணுவீர்கள். காப்பீட்டு ஆவணம் கைக்கு வந்தபின், வேண்டாமெனில் திருப்பியளிக்க ஒரு கெடு உண்டு. முன்பு பெரும்பாலும் 15 நாள்களாக இருந்த அக்கெடு, 2024ஆம் ஆண்டு முதல் 30 நாள்களாக உயர்ந்துள்ளது. நம் குடும்பத்துப் பெரியோர் அனைவரும் இதனை அறிந்துவைத்தல் நன்று. அக்கெடு முடிய ஒன்பது நாள்கள் இருந்தன. "இனி நான் என்ன செய்ய வேண்டும் பாட்டி?" என்று கேட்டார். "உனக்கே தெரியும், அதனால்தான் வந்திருக்கிறாய்" என்றோம்.

மறுநாள் அவ்வம்மையாரின் வீட்டுக்குச் சென்று உண்மையைக் கூறினார். அவ்வம்மையார் முதலில் சினந்தார்; பின்பு அழுதார்; முடிவில், திருப்பியளிக்கும் தாளில் கையொப்பமிட்டார். சிறு பிடித்தம் போக அவர் பணம் திரும்பியது. அம்மாதம் எம் பேரன் இலக்கை எட்டவில்லை. கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் செய்தனர். அதனைக் கேட்டபோது எமக்கு அந்தக் கொடிநாள் சிறுமியே நினைவுக்கு வந்தாள். ஆறு திங்களில் அப்பணியை விட்டு, ஊதியம் குறைந்த வேறொரு பணிக்குச் சென்றார். அங்கும் விற்பனையே செய்கிறார். அறம் செய்தவுடன் ஆயிரம் வந்து கொட்டியது என்று கூறி, யாமும் 'போல' விற்க விரும்பவில்லை.

ஆனால் சென்ற பொங்கலன்று வந்தபோது அவர் கூறிய சொல் எம் நெஞ்சில் நிற்கிறது. "பாட்டி, இப்போது அந்தத் தெருவழியாகவே போகிறேன். அந்த அம்மா வாசலில் இருந்தால் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போகிறேன்."

நம் களங்களில் மரக்காலால் நெல் அளப்போர், முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்று சொல்லியே தொடங்குவர். அளப்பவர்க்கா, கொள்பவர்க்கா அந்த லாபம் என்று சிறுமியாக இருந்தபோது எம் பாட்டியாரைக் கேட்டோம். "தலையைச் சரியாக வழித்து அளந்தால் இரண்டு பேருக்கும்" என்றார் அவர். வெற்றி மனப்பாங்கு பற்றி எழுபது வயது கடந்த யாம் அறிந்ததும் அவ்வளவே.

நம் பிள்ளைகள் எத்தொழில் செய்யினும், எந்தத் தெருவிலும் தலைநிமிர்ந்து செல்லும் வாழ்வு பெறுவார்களாக.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!